நுழைவுத் தேர்வுக்கு அடைச்சொற்களின் இணைச்சொற்களைப் பயிலும் முறை

பள்ளி நுழைவுத் தேர்வின் மொழித்தாளில் இணைச்சொல் கேட்கும் வினாக்கள் பார்வைக்கு எளியவை. ஒரு சொல் கொடுக்கப்பட்டிருக்கும். அதே பொருள் தரும் சொல்லைக் கீழே உள்ள நான்கிலிருந்து எடுக்க வேண்டும். வீட்டில் நடக்கும் ஆயத்தமும் பெரும்பாலும் அதே எளிமையோடு தொடங்கிவிடுகிறது. அச்சிட்ட பட்டியல் ஒன்றைக் கையில் கொடுத்து, ‘அழகு – எழில், வனப்பு, கவின்’ என்று பிள்ளையை ஒப்பிக்கச் சொல்கிறோம். பெயர்ச்சொற்களுக்கு இந்த முறை ஓரளவு உதவும். ஞாயிறு, கதிரவன், பரிதி ஆகிய மூன்றும் வானில் உள்ள ஒன்றையே சுட்டுவதால், அவற்றை மனப்பாடம் செய்த மாணவர் எந்த வாக்கியத்தில் கேட்டாலும் விடை சொல்லிவிடுவார். ஆனால் பெரிய, கடுமையான, பழைய, மெல்லிய போன்ற அடைச்சொற்கள் அப்படிப்பட்டவை அல்ல. அவை எந்தப் பெயரோடு சேர்கின்றனவோ அந்தப் பெயருக்கு ஏற்பப் பொருள் மாறுகின்றன. அதனால் இணைச்சொல்லும் மாறுகிறது. பெரிய வீடு என்றால் விசாலமான வீடு, பெரிய அண்ணன் என்றால் மூத்த அண்ணன், பெரிய சத்தம் என்றால் உரத்த சத்தம், பெரிய மனிதர் என்றால் மதிப்பிற்குரிய மனிதர். ‘பெரிய’ என்பதற்கு நேரே இந்த நான்கையும் எழுதி ஒப்பித்த பிள்ளை, தேர்வில் ‘விசாலமான அண்ணன்’ வகையான விடையை எடுத்துவிட்டு வருவதில் வியப்பில்லை.

ஆகவே, அடைச்சொல்லை அது சேரும் பெயரோடு சேர்த்தே கற்பது என்ற ஒன்றை அடிப்படையாக வைத்துக்கொண்டு கீழுள்ள படிகள் சொல்லப்படுகின்றன. இவ்வகைத் தேர்வுக்குப் பிள்ளையை முதன்முறையாக ஆயத்தப்படுத்தும் பெற்றோரையும், தாமாகவே படிக்கத் தொடங்கும் மாணவரையும் மனத்தில் வைத்து இது எழுதப்படுகிறது.

வினாக்களின் வடிவங்கள்

முதல் வேலை சொற்களைச் சேர்ப்பது அன்று. எழுதப்போகும் தேர்வின் மாதிரி வினாத்தாளையோ முந்தைய ஆண்டு வினாத்தாளையோ எடுத்து, இணைச்சொல் அறிவைச் சோதிக்கும் வினாக்கள் எந்தெந்த வடிவத்தில் வருகின்றன என்று பார்க்க வேண்டும். வாக்கியத்தில் அடிக்கோடிட்ட சொல்லுக்கு இணை கேட்பது ஒரு வகை. சொல்லைத் தனியே கொடுத்துக் கேட்பது இன்னொரு வகை. ‘விரைவான, துரிதமான, பரபரப்பான, வேகமான’ என நான்கைக் கொடுத்துப் பொருந்தாததைக் கேட்பதும் உண்டு. இதில் மூன்று சொற்கள் வேகத்தைக் குறிக்க, ‘பரபரப்பான’ என்பது மனநிலையைக் குறிக்கிறது. சில தேர்வுகளில் இரண்டு தொகுதிகள் தரப்படும்: ஒன்றில் அகன்ற, உயர்ந்த, மெலிந்த, மற்றொன்றில் குறுகிய, ஓங்கிய, தடித்த. தொகுதிக்கு ஒன்றாக எடுத்துப் பொருள் ஒத்த இணையை அமைக்க வேண்டும். அகன்ற–குறுகிய, மெலிந்த–தடித்த என்னும் எதிர்ச்சொல் இணைகள் முதலில் கண்ணில் பட்டு இழுக்கும்; விடையோ உயர்ந்த–ஓங்கிய. இன்னும் சில தாள்களில் ‘சூடான என்பதற்குக் கொதிக்கும் என்பது எப்படியோ, அப்படியே குளிர்ந்த என்பதற்கு எது?’ என்பதுபோல உறவைக் கேட்பார்கள். வாசிப்புப் பத்தியின் கீழே ‘இப்பத்தியில் இச்சொல் உணர்த்தும் பொருள் யாது?’ என்று வருவதும் இணைச்சொல் வினாதான்; பலர் அதை அப்படி அடையாளம் காண்பதில்லை.

வடிவங்களைப் பிரித்தறிந்தபின் பிள்ளையின் சறுக்கல் எந்த வகையில் மிகுதி என்பதும் தெரிந்துவிடும். சொல்லே தெரியாமல் தவறுவது ஒன்று, சொல் தெரிந்தும் வினாவின் சூழ்ச்சியில் தவறுவது வேறு. இரண்டாவது வகைக்குப் புதிய சொற்களைத் திணித்துப் பயனில்லை.

எந்தச் சொற்களில் தொடங்குவது

அகர வரிசையில் தொடங்குவதைத் தவிர்க்கலாம். ‘அ’ வரிசையை முடிப்பதற்குள் ஆர்வம் போய்விடும்; கற்ற சொற்களுக்கும் ஒன்றோடொன்று தொடர்பு இராது. அதற்குப் பதிலாக, பிள்ளை தன் பேச்சிலும் எழுத்திலும் ஓயாமல் பயன்படுத்தும் இருபது, இருபத்தைந்து அடைச்சொற்களைத் தேர்ந்துகொள்ள வேண்டும். பிள்ளை எழுதிய இரண்டு கட்டுரைகளை எடுத்து அடைச்சொற்களை வட்டமிட்டாலே பாதிப் பட்டியல் கிடைத்துவிடும். நல்ல, பெரிய, சிறிய, அழகான, வேகமான, மெதுவான, கஷ்டமான, சுலபமான, சந்தோஷமான, கோபமான, பயந்த, பழைய, புதிய, சுத்தமான, பலமான என்று அது அமையும்.

இந்தப் பட்டியலிலேயே ஒரு வசதி இருக்கிறது. பேச்சில் வழங்கும் வடசொற்களுக்கு நேரான வேறு சொற்கள், பெரும்பாலும் தமிழ்ச் சொற்கள், எழுத்து வழக்கிலும் வினாத்தாளிலும் மிகுதியாக வருகின்றன. கஷ்டமான என்பது கடினமான என்றும், சுலபமான என்பது எளிதான, எளிய, இலகுவான என்றும், சுத்தமான என்பது தூய, தூய்மையான என்றும், பலமான என்பது வலிய, வலிமையான என்றும், அபூர்வமான என்பது அரிய என்றும், விசாலமான என்பது அகன்ற, பரந்த என்றும், பிரகாசமான என்பது ஒளிமிக்க என்றும், புராதனமான என்பது தொன்மையான என்றும் வரும். பிள்ளைக்கு ஏற்கெனவே தெரிந்த சொல்லே இங்கே வாசலாகிறது. வடசொல்லைத் தவறு என்று சொல்லி விலக்க வேண்டியதில்லை. தேர்வு எழுதுபவருக்கு இரண்டு வழக்கும் தேவை.

ஒரு சொல்லுக்கு ஒரு பக்கம்

இப்போது ஒரு குறிப்பேடு வேண்டும். ஒவ்வொரு தலைச்சொல்லுக்கும் ஒரு முழுப் பக்கத்தை ஒதுக்க வேண்டும். பக்கத்தின் தலைப்பில் அச்சொல்லை எழுதி, அதற்குக் கீழே இணைச்சொற்களை எழுதுவதற்கு முன், அது சேரக்கூடிய பெயர்களை எழுத வேண்டும். வரிசையை மாற்றக் கூடாது என்று வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு: பெயர்கள் முதலில் வந்தால்தான் பொருள்கள் தாமாகப் பிரியும்.

‘கடுமையான’ என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். பிள்ளையிடம் ‘எவையெல்லாம் கடுமையாக இருக்கும்?’ என்று கேட்டால் வெயில், சொல், உழைப்பு, நோய், ஆசிரியர், கணக்கு என்று சொல்லும். ஒவ்வொன்றின் எதிரேயும் அந்த இடத்தில் மட்டும் பொருந்தும் சொல்லைத் தேடுவோம். கடுமையான வெயில் என்பது கொளுத்தும் வெயில், சுட்டெரிக்கும் வெயில். கடுமையான சொல் என்பது சுடுசொல், வன்சொல். கடுமையான உழைப்பு என்பது அயராத உழைப்பு, ஓயாத உழைப்பு. கடுமையான நோய் என்பது தீவிரமான நோய், கொடிய நோய். கடுமையான ஆசிரியர் என்பது கண்டிப்பான ஆசிரியர். கடுமையான கணக்கு என்பது கடினமான கணக்கு. இப்பொழுது ஒன்றை மற்றொன்றின் இடத்தில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ‘அயராத வெயில்’, ‘கண்டிப்பான நோய்’ என்று படிக்கும்போது பிள்ளை சிரித்துவிடும். பொருந்தாமையைக் காதால் உணர்ந்ததன் அடையாளம் அந்தச் சிரிப்பு. விளக்கம் சொல்லிப் புரியவைப்பதைவிட அது விரைவாக வேலை செய்கிறது.

இந்தப் பக்கத்தை எழுதிய மாணவர், ‘மருத்துவர் கடுமையான நோயையும் குணப்படுத்தினார்’ என்ற வாக்கியத்தின் கீழே கண்டிப்பான, தீவிரமான, வன்மையான, எளிதான என்று நான்கு விடைகள் இருந்தால் தயங்கமாட்டார். முதலாவதும் மூன்றாவதும்கூட ‘கடுமையான’ என்பதற்கு வேறிடங்களில் இணையாகக்கூடியவையே. இந்த நோய்க்கு அவை பொருந்தா. வினா அமைப்பவர்கள் விரும்பிச் செய்யும் வேலை இது.

‘நல்ல’ என்ற சொல்லின் பக்கம் இன்னும் சுவையாக அமையும். நல்ல மழை என்றால் பலத்த மழை, நல்ல பசி என்றால் மிகுந்த பசி, நல்ல நாள் என்றால் மங்கல நாள், நல்ல நண்பன் என்றால் உற்ற நண்பன், நல்ல யோசனை என்றால் சிறந்த யோசனை. நல்ல பாம்பு என்று பிள்ளை குறுக்கே கேட்டால், அங்கே ‘நல்ல’ என்பது பாம்பின் பெயரிலேயே கலந்துவிட்டது, அதற்கு இணைச்சொல் தேட முடியாது என்று சொல்லிவிடலாம்.

ஒரு பக்கத்தில் ஆறு சொற்களுக்கு மேல் எழுதாமல் இருப்பது நல்லது. அகராதியில் பதினைந்து கிடைக்கும். அவற்றுள் பிள்ளை வாசிக்கும் நூல்களில் ஒருமுறைகூட வராத சொற்களை எழுதி வைப்பது பக்கத்தை நிரப்புமே தவிர நினைவை நிரப்பாது. ஒவ்வொரு சொல்லுக்கும் பிள்ளை தன் சொந்த வாக்கியம் ஒன்றை எழுத வேண்டும்; ‘அது அகன்ற பாதை’ என்பதுபோல எந்தச் சொல்லையும் வைக்கக்கூடிய வாக்கியம் போதாது. ‘இரண்டு பேருந்துகள் எதிரெதிரே போகும் அளவுக்கு அகன்ற பாதை’ என்று எழுதினால், அந்த வாக்கியத்தில் ‘குறுகிய’ என்ற சொல்லை வைக்கவே முடியாது. அப்படிப்பட்ட வாக்கியம்தான் பொருளைப் பிடித்து வைக்கும்.

அளவும் சாயலும்

இணைச்சொற்கள் என்று சேர்த்துச் சொல்லப்படுபவை அளவில் சமமாக இருப்பதில்லை. இதைப் பயிற்றுவிக்க ஏணிப் பயிற்சி உதவும். ஒரு பண்பை எடுத்துக்கொண்டு, அதன் மிகக் குறைந்த நிலையிலிருந்து மிக உயர்ந்த நிலைவரை சொற்களைப் படிப்படியாக அடுக்கச் செய்வதே இப்பயிற்சி. வெப்பத்திற்கு வெதுவெதுப்பான, சூடான, கொதிக்கும் என்று ஏறலாம். குளிருக்குக் குளிர்ந்த, சில்லிட்ட, உறைந்த என்று இறங்கலாம். அளவுக்கு நுண்ணிய, சின்னஞ்சிறிய, சிறிய, பெரிய, மாபெரும் என்று அடுக்கலாம். சினத்திற்கு எரிச்சலடைந்த, சினந்த, கொதித்தெழுந்த என்று வரும். இரண்டு படிகளில் எது மேலே என்பதில் பிள்ளையும் நீங்களும் முரண்பட்டால் அது நல்ல அறிகுறி. இருவரும் தத்தம் வாக்கியத்தைச் சொல்லி வாதிடலாம். ஏணியை அறிந்தவருக்கு, முன்னே சொன்ன உறவு வினாவில் ‘உறைந்த’ என்ற விடை தானே தெரியும், ஏனெனில் சூட்டிலிருந்து கொதிப்புக்குச் சென்ற அதே தொலைவைக் குளிரிலிருந்தும் செல்ல வேண்டும்.

அளவைப் போலவே சாயலும் கவனிக்கத்தக்கது. சிக்கனமான என்றால் பாராட்டு, கஞ்சத்தனமான என்றால் பழிப்பு. இரண்டும் பணத்தைக் குறைவாகச் செலவிடுபவரையே குறிக்கின்றன. உறுதியான – பிடிவாதமான, நிதானமான – மந்தமான, துணிவான – துடுக்கான, மெலிந்த – நோஞ்சானான என்று இத்தகைய இணைகளைச் சேர்த்துக்கொண்டே போகலாம். குறிப்பேட்டில் பாராட்டுச் சாயல் உள்ள சொல்லுக்குக் கூட்டல் குறியும், பழிப்புச் சாயல் உள்ளதற்குக் கழித்தல் குறியும், இரண்டும் இல்லாததற்கு ஒரு வட்டமும் இட்டால் போதும். வாசிப்புப் பத்தி வினாக்களில் இந்தக் குறிகள் பெரிதும் கைகொடுக்கும். ஒரு பத்தி ஒருவரைப் புகழ்ந்து செல்லும்போது, நான்கு விடைகளில் இரண்டு பழிப்புச் சாயல் கொண்டவையாக இருந்தால் அவற்றை யோசிக்காமலே நீக்கிவிடலாம்.

தொடு உணர்வைக் குறிக்கும் சொற்களில் ஒரு தனிக் கவனம் தேவை. வழவழப்பான என்பதும் மென்மையான என்பதும் ஒன்றென்றே பல பிள்ளைகள் நினைக்கிறார்கள். பளிங்குத் தரை வழவழப்பானது, ஆனால் மென்மையானது அன்று. பஞ்சு மென்மையானது, வழவழப்பானது அன்று. சொரசொரப்பான, கரடுமுரடான என்பவையும் இப்படியே: உப்புத்தாள் சொரசொரப்பானது, மலைப்பாதை கரடுமுரடானது. கையில் ஒரு பொருளைக் கொடுத்துவிட்டுச் சொல் கேட்பது இவற்றுக்கு ஏற்ற முறை.

வேர் வழியாகத் தெரியாத சொல்லை அணுகுதல்

எவ்வளவு படித்தாலும் தேர்வில் முன்பின் காணாத சொல் ஒன்றாவது வரும். அந்த இடத்தில் தமிழ் மாணவருக்கு ஒரு பெரிய துணை இருக்கிறது. பெரும்பாலான பண்புச் சொற்கள் ‘மை’ என்று முடியும் பண்புப்பெயர்களிலிருந்து வருபவை. அந்த ஒரு வேர் பல வடிவங்களில் வெளிப்படும். பெருமை என்பது பெரிய என்றும், பெருங்கடல், பேரரசு, பேரிடர் என்றும் வரும். கருமை என்பது கரிய, கருங்குயில், காரிருள் என்றும், பசுமை என்பது பசிய, பசும்புல், பைங்கிளி என்றும், இனிமை என்பது இனிய, இன்சொல், இன்னிசை, இன்முகம் என்றும் வரும். வடிவம் மாறினாலும் வேரின் பொருள் போய்விடுவதில்லை.

பிள்ளைகளுக்கு இந்த வேர்களில் பல ஏற்கெனவே தெரியும் என்பதுதான் நம்மில் பலர் கவனிக்கத் தவறுவது. இலக்கண வகுப்பில் படித்த குறில், நெடில் என்ற சொற்களில் குறிய, நெடிய என்னும் அடைச்சொற்களின் வேர் இருக்கிறது. வல்லினம், மெல்லினம் என்பவற்றில் வலிய, மெல்லிய என்பவற்றின் வேர் இருக்கிறது. அறிவியல் பாடத்தில் வரும் நுண்ணுயிரி, நுண்ணோக்கி இரண்டும் ‘நுண்ணிய’ என்பதன் பொருளைச் சொல்லித் தந்துவிடுகின்றன. தண்ணீர் என்று நாள்தோறும் சொல்லும் பிள்ளைக்குத் ‘தண்ணிய நிழல்’ என்றால் குளிர்ந்த நிழல் என்று கண்டுபிடிக்க முடியும். வெந்நீரை அறிந்தவருக்கு ‘வெம்மை’ விளங்கும். ‘திண்ணிய தோள்’ என்ற தொடரைக் கண்டு திகைத்தால், ‘திண்ணம்’ என்ற சொல்லை நினைவூட்டி உறுதியான, வலிய என்பவற்றுக்கு வழிநடத்தலாம். வாரத்தில் ஒரு நாளை ஒரு வேருக்கென்று ஒதுக்கி, அந்த வேரிலிருந்து எத்தனை சொற்கள் வருகின்றன என்று தேடுவது பிள்ளைகள் விரும்பிச் செய்யும் பயிற்சி.

இதில் இரண்டு கண்ணிகள் உண்டு. ஒரே வேருக்கு இரண்டு பொருள் இருக்கலாம்: செம்மை என்பது செந்தாமரை, செவ்வானம் என்பவற்றில் நிறத்தையும், செங்கோல், செந்நெறி என்பவற்றில் நேர்மையையும் குறிக்கிறது. வடிவம் ஒத்துப் பொருள் எதிராகவும் இருக்கலாம்: இன்சொல் என்பது இனிய சொல், இன்னாச்சொல் என்பது துன்பம் தரும் சொல். இந்த இணை எதிர்ச்சொல் வினாக்களுக்கும் தோதானது.

செய்யுள் பகுதி உள்ள தேர்வாக இருந்தால் உரிச்சொற்களையும் தொட்டுச் செல்ல வேண்டும். சால, உறு, தவ, நனி, கூர், கழி என்னும் ஆறும் மிகுதியை உணர்த்துவன என்று நன்னூல் தொகுத்துச் சொல்கிறது. ஆறையும் ‘மிக’ என்பதன் இணைச்சொற்களாகவே மாணவர் எழுதி வைக்கலாம். ‘கடி’ என்ற ஒரே உரிச்சொல்லுக்கு அதே நூல் 13 பொருள்களைத் தருகிறது. கடிநகர் என்றால் காவல் மிக்க நகர், கடிவேல் என்றால் கூர்மையான வேல், கடிமலர் என்றால் மணம் மிக்க மலர். அடைச்சொல்லின் பொருளை அடுத்து வரும் பெயரே முடிவுசெய்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. ஆனாலும் 13 பொருள்களையும் பள்ளி நுழைவுத் தேர்வுக்காக மனப்பாடம் செய்வது மிகை.

நாள்தோறும் எவ்வளவு

நாளொன்றுக்கு இருபது நிமிடம் போதும். புதிய சொற்கள் நான்கு, அதற்கு மேல் வேண்டாம். வாரத்தில் ஐந்து நாள் இப்படிப் படித்தால் பன்னிரண்டு வாரங்களில் 240 சொற்கள் ஆகின்றன. இந்த அளவு வினாத்தாளில் வரும் பொதுவான சொற்களில் நல்ல பிடிப்பைத் தந்துவிடும். ஆறாம் நாள் வேர் தேடலுக்கு, ஏழாம் நாள் ஓய்வுக்கு. ஓய்வு நாளிலும் படிக்க வைக்க வேண்டும் என்று தோன்றும்; அந்த எண்ணத்தை அடக்கிக்கொள்வது பெற்றோருக்கான பயிற்சி.

இருபது நிமிடத்தில் பாதியைப் பழைய சொற்களுக்குக் கொடுக்க வேண்டும். கற்றதை நாம் எவ்வளவு விரைவில் மறக்கிறோம் என்பதைத் தன்னையே சோதனைக்கு உட்படுத்தி அளந்து, ஹெர்மன் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானிய உளவியலாளர் 1885-இல் வெளியிட்டார். மறதி தொடக்கத்தில் மிக வேகமாகவும் பிறகு மெதுவாகவும் நிகழ்கிறது என்பது அவர் கண்டது. ஆகவே புதிய சொல்லை மறுநாளே ஒருமுறையும், பிறகு மூன்று நாள், ஒரு வாரம், இரண்டு வாரம் என இடைவெளியை நீட்டியும் திரும்பப் பார்க்க வேண்டும். திரும்பப் பார்ப்பது என்றால் பக்கத்தைத் திறந்து வாசிப்பதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. பக்கத்தை மூடி வைத்துவிட்டு, ‘நோய்க்கு முன்னால் வரும் கடுமையான என்பதற்கு இன்னொரு சொல் என்ன?’ என்று கேட்டு, பிள்ளை நினைவிலிருந்து எடுத்துச் சொல்ல வேண்டும். சொல்ல முடியாமல் திணறும் அந்த அரை நிமிடம் வீணாகும் நேரம் அன்று. விடையை உடனே எடுத்துக் கொடுக்காமல் காத்திருங்கள். தபால் அட்டை அளவில் தாள்களை வெட்டி, ஒரு பக்கம் வெற்றிடம் விட்ட வாக்கியத்தையும் மறுபக்கம் விடையையும் எழுதினால் இந்தச் சோதனையைப் பிள்ளை தனியாகவே செய்யலாம். தவறிய அட்டை மறுநாள் கட்டிலும், சரியாகச் சொன்ன அட்டை அடுத்த வாரக் கட்டிலும் சேரட்டும்.

மூன்றாம் வாரத்திலிருந்து பிள்ளையையே வினா அமைக்கச் சொல்லுங்கள். என் பார்வையில் இந்த முழுத் திட்டத்திலும் மிகுதியாகப் பயன் தருவது இதுதான். சரியான விடை ஒன்றை வைப்பது எளிது; ஏமாற்றும் விடைகள் மூன்றை வைக்கத்தான் சிந்திக்க வேண்டியிருக்கும். ‘வறிய குடும்பம்’ என்பதற்கு ஏழ்மையான என்ற சரியான விடையோடு, எதிர்ப்பொருளுக்கு வளமான, ஒலி ஒப்புமைக்கு வறண்ட, கருத்துத் தொடர்புக்குப் பசித்த என்று மூன்று கண்ணிகளை வைக்கக் கற்றுக்கொண்ட பிள்ளை, தேர்வில் அதே கண்ணிகளை வைத்தவரின் கை எது என்று கண்டுகொள்ளும். பிள்ளை அமைக்கும் வினாக்களுக்கு நீங்கள் விடை எழுத வேண்டும், சில வேளை தவறவும் வேண்டும்.

வாசிப்பு இல்லாமல் இவையெல்லாம் நிற்காது. பாடநூல் கதைகளோ சிறுவர் இதழோ, நாள்தோறும் இரண்டு பக்கம் படித்து, குறிப்பேட்டில் உள்ள சொல் ஒன்று அங்கே தென்பட்டால் அந்த வாக்கியத்தைப் பக்கத்தின் ஓரத்தில் எழுதிக்கொள்ளலாம்.

எழுத்தொப்புமை

ரகர றகரமும், லகர ளகர ழகரமும் இணைச்சொல் வினாக்களில் தனி இடம் பெறுகின்றன. அரிய என்பது கிடைத்தற்கு அருமையானது, அறிய என்பது தெரிந்துகொள்ள. உரிய என்பது உரிமையானது, உறிய என்பது உறிஞ்ச. இலகிய என்பது ஒளிர்ந்தது, இளகிய என்பது நெகிழ்ந்தது. இவற்றை ஒலித்துக் காட்டி, எழுதச் சொல்லி, பொருள் கேட்டால் போதும்.

தேர்வு அறையில்

விடைகளைப் படிக்கும் முன் அவற்றைக் கையால் மறைத்துக்கொள்வது முதல் பழக்கம். வாக்கியத்தைப் படித்து, அடிக்கோடிட்ட இடத்தில் தனக்குத் தோன்றும் சொல்லை மனத்தில் சொல்லிப் பார்த்தபிறகே விடைகளைப் பார்க்க வேண்டும். மனத்தில் வந்த சொல்லே அங்கே இருக்க வேண்டும் என்பதில்லை. அதற்கு மிக அருகில் உள்ளதை எடுக்கலாம். நான்கையும் முதலிலேயே படித்துவிட்டால் எல்லாமே சரிபோலத் தோன்றும்.

அடுத்து, எடுத்த விடையை வாக்கியத்தில் வைத்து, தலையிலிருந்து முடிவுவரை மனத்துக்குள் படிக்க வேண்டும். பொருள் பொருந்துவதோடு சொல்லின் வடிவமும் பொருந்துகிறதா என்பது அப்போதுதான் தெரியும். ‘அழகிய’ என்பது பெயரடை. அதன் இடத்தில் ‘எழில்மிகு’ நிற்கும், ‘எழிலாக’ நிற்காது. ‘மெல்ல நடந்தாள்’ என்பதில் உள்ளது வினையடை. அங்கே ‘மெதுவாக’ பொருந்தும், ‘மெதுவான’ பொருந்தாது. வடிவம் தவறிய விடையை மட்டும் பார்த்தே சில வினாக்களில் இரண்டு விடைகளை நீக்க முடியும்.

பொருள் தெரியாத சொல்லாக இருந்தால் மூன்று கேள்விகளைக் கேட்டுப் பார்க்கலாம்: இதன் வேர் வேறெந்தச் சொல்லில் வருகிறது, வாக்கியம் இதைப் பாராட்டாகச் சொல்கிறதா பழிப்பாகச் சொல்கிறதா, ‘ஆனால்’, ‘எனினும்’ போன்ற திருப்பம் அருகில் உள்ளதா? ‘அவர் செல்வந்தர், எனினும் எளிய வாழ்க்கை வாழ்ந்தார்’ என்ற வாக்கியத்தில் ‘எனினும்’ என்ற ஒரு சொல்லே ‘எளிய’ என்பது ஆடம்பரமற்ற என்ற பொருளில் வந்துள்ளதைக் காட்டிவிடுகிறது. இதே சொல் ‘எளிய கணக்கு’ என்பதில் சுலபமான என்றும், ‘எளியோர்க்கு உதவு’ என்பதில் வறியவர் என்றும் பொருள்படும்.

இவ்வளவுக்குப் பிறகும் விடை பிடிபடாவிட்டால், அந்த வினாவுக்கு ஒரு குறி இட்டுவிட்டு அடுத்ததற்குச் செல்ல வேண்டும். தவறான விடைக்கு மதிப்பெண் கழிக்கும் தேர்வா என்பதை முன்பே அறிந்து வைத்திருந்தால், திரும்பி வரும்போது ஊகித்து எழுதலாமா விட்டுவிடலாமா என்பதில் குழப்பம் இராது.

கட்டுரைப் பகுதியில் கட்டுப்பாடு

சில நுழைவுத் தேர்வுகளில் சிறு கட்டுரையோ கதையோ எழுதவேண்டியிருக்கும். இணைச்சொற்களை ஆர்வத்தோடு கற்ற பிள்ளைகள் இங்கே ஒரு புதிய குறையைத் தேடிக்கொள்கிறார்கள். ‘எழில்மிகு வனப்புடைய கவின்மிகு மலர்’ என்று ஒரு பெயருக்கு முன்னால் கற்றதையெல்லாம் கொட்டுகிறார்கள். ஒரு பெயருக்கு ஓர் அடைச்சொல் என்று வரம்பு வைத்துப் பழக்குங்கள். அடுத்த பத்தியில் அதே பெயர் மீண்டும் வந்தால் அப்போது வேறு சொல்லைப் பயன்படுத்தலாம். பழைய சட்டையைத் தொன்மையான சட்டை என்று உயர்த்தி எழுதவும் வேண்டாம். எழுதி முடித்தபின் பிள்ளை தன் கட்டுரையைப் படித்து, எந்த அடைச்சொல்லை அடித்தாலும் வாக்கியம் எதையும் இழப்பதில்லையோ அதை அடித்துவிடட்டும்; ‘நல்ல’, ‘அழகான’ இரண்டும் எஞ்சியிருக்கும் இடங்களில் மட்டும் குறிப்பேட்டைத் திறந்து, அந்தப் பெயருக்கு உரிய சொல்லைத் தேடி மாற்றி எழுதட்டும்.